என் பேத்தி இருக்கிறாள்

யாக்கிமா பள்ளத்தாக்கு
19 ஜனவரி 1997, ஞாயிறு

என் கண்மணி நொயேமிக்கு, தாத்தா ஃபிதென்சியோ வாயால் சொல்ல, சாயோ கையால் எழுதுவது.

குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் நான் சுகம். மாதாவின் படத்தைக் கடக்கும்போதெல்லாம் உனக்காகவும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன். இடுப்பு எலும்பு பொருந்திவிட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு சாயோவின் லாண்டரி வரை நடந்து வந்துவிடுகிறேன். பனி இறுகிக் கிடக்கிற அன்றைக்கு மட்டும் செஃபெரினோ தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறான். ஏற்றிக்கொண்டு சும்மா வருகிறானா? "ஏணியில ஏறுற வயசாவே உமக்கு? நாலு நாள் பொறுத்தா அந்த ஆப்பிள் தானா விழும். அதுக்குள்ள நீரு விழுந்துட்டீரே!" என்று வழிநெடுக ஏசல்தான்.

ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போயிருந்தேன். அந்தச் செம்பட்டை முடி நர்ஸ் உன்னை விசாரித்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும். நவம்பரில் நான் படுத்திருக்க, நீ வந்து சேர்ந்த முதல் நாளே, "நாங்க சொல்றத ஸ்பானிஷ்ல மாத்திச் சொல்ல எங்ககிட்ட ஒரு அம்மா இருக்காங்க, வரச் சொல்லட்டுமா?" என்று அவள் கேட்டாள். நான் உன்னை விட்டே பதில் சொல்ல வைத்தேன்: "வேண்டாம். என் பேத்தி இருக்கிறாள். யுனிவர்சிட்டியில் படிக்கிறாள்." அதைச் சொல்லும்போது உன் முகம் சிவந்ததே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு வாரம் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். நவம்பர் கடைசி வான்கோழிப் பண்டிகையும் கழிந்து, நான் கம்பு பிடிக்கும் வரைக்கும் கூடவே இருந்தாய். வாத்தியார்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றாய். தங்கமான மனிதர்கள்.

ஜூனில் உனக்குப் பட்டம். விருந்தில் ஆளுக்கொரு செலவை ஏற்க ஞானத்தகப்பன்மாரைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன். கேக்குக்கு ஞானத்தாயாக இருக்கிறேன் என்று இந்தச் சாயோ சத்தியம் செய்திருக்கிறாள். பன்றிக்குச் செஃபெரினோ. குட்டியை இப்போதே பிரித்துக் கட்டி, தனித் தீனி போடுகிறான். இனி அவன் பின்வாங்க முடியாது. ஊருக்கே தெரியும்.

சாப்பிடு. தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் தாத்தா

(இது சாயோ. கேக்கில் உன் பெயருக்குக் கீழே என்ன படிப்பு என்று எழுத வேண்டும்? நீளமான பேராக இருந்தால் இரண்டு தட்டாகச் செய்துவிடுவேன்.)


2 பிப்ரவரி 1997

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். நீங்கள் நடக்கிறீர்கள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரவில் கால் குடைந்தால் மருந்தை மறக்காமல் போடுங்கள். சாயோ அத்தைக்கும், செஃபெரினோ மாமாவுக்கும், இப்போது லாண்டரியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் வணக்கம்.

இங்கே மழை. படிப்பு போகிறது. ஜூனுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது தாத்தா. ஞானத்தகப்பன்மாரை இப்போதே பிடிக்க வேண்டாமே. எல்லாருக்கும் அவரவர் செலவு இருக்கும். கேக்கில் என் பெயர் மட்டும் போதும், அத்தை.

உங்கள் பேத்தி
நொயேமி


16 பிப்ரவரி 1997, ஞாயிறு

என் உயிரே நொயேமிக்கு, ஆசி.

இங்கே எல்லாரும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படி இருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்தால் லாண்டரியில் நிற்க இடமில்லை. உன் கடிதம் வந்திருந்தால் சாயோ மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டுத்தான் வாசிப்பாள். தெரிந்த கதைதானே. இந்தத் தடவை கடிதம் சின்னதாக இருந்ததில் ஜனங்களுக்கு ஏமாற்றம். பாட்டுக் குழு நிக்கனோர் விடவில்லை. "படிப்பு ஏற ஏற எழுத்து கொறையும் போல. பட்டம் வாங்கின அன்னிக்கு வெறும் புள்ளி வெச்சு அனுப்புவா!" என்றான். நான் கம்பை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே, "சரி சரி, பாட்டுக்கு நான்தான் ஞானத்தகப்பன். என் பசங்க டிரம்பெட்டோட வருவானுங்க. கோவத்த விடும்வே" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். இத்தனை பேர் முன்னால் சொன்னது. எப்படி வேண்டாம் என்பேன்?

மகளே, நீ எழுதியதை நான் எழுத்தாகப் பார்ப்பதில்லை. காதில் வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறேன். வைத்தது அழிவதில்லை. அக்டோபரில் நீ எழுதினாய்: கெமிஸ்ட்ரி வாத்தியார் கிளிப்பச்சை டை கட்டுகிறார், வகுப்பில் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார் என்று. நூலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேசையை உன்னுடையதாக ஆக்கிக்கொண்டாய் என்று. இந்தக் கடிதத்தில் வாத்தியாரும் இல்லை, மேசையும் இல்லை. மழை மட்டும் இருக்கிறது. அந்தக் கிளிப்பச்சை மனிதர் எப்படி இருக்கிறார்?

காய்ச்சல் ஏதும் இல்லையே?

தாத்தா


20 மார்ச் 1997

அன்புள்ள தாத்தாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னியுங்கள். காய்ச்சல் இல்லை. உங்கள் உடம்பு எப்படி?

பரீட்சை இருந்தது. வாத்தியார் நன்றாக இருக்கிறார். அதே கிளிப்பச்சை டைதான். அதிகாலையில் ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குப் போகிறேன், கைச்செலவுக்கு. எல்லாருக்கும் என் வணக்கம்.

நொயேமி


30 மார்ச் 1997, உயிர்ப்புத் திருநாள்

அன்பு மகளே,

கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளில் உனக்கு ஆசி. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. இதை எழுதுவது ஃபாதர் டூலி. அவருடைய ஸ்பானிஷ் உனக்குத் தெரியும். தப்பு இருந்தால் அது அவருடையது, அர்த்தம் என்னுடையது.

உன் கடிதத்தைச் சாயோவை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். எல்லாரும் நான் சந்தோஷத்தில் கேட்கிறேன் என்று நினைத்தார்கள். அக்டோபர் கடிதத்தில் டைக்கு அடுத்த வரி என்ன, தெரியுமா? "கிறிஸ்துமஸோடு ஓய்வு பெறுகிறாராம், அதற்குப் பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன்தான் பிடிப்பாராம்." அப்படியிருக்க மார்ச்சில் அந்த டையை எந்த மீனுக்குக் கட்டிக் காட்டுகிறார்?

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். உனக்கு ஏதோ நடந்திருக்கிறது. அதை நீ எனக்கு எழுத முடியாது. எனக்கு எழுதினால் அது லாண்டரி முழுவதற்கும் எழுதியதாகும். பன்றி தீனி தின்றுகொண்டிருக்கிறது, நிக்கனோரின் பையன்கள் பாட்டுப் பழகுகிறார்கள், அதற்கு நடுவில் எப்படி எழுதுவாய்? இத்தனை நாள் இது என் மண்டையில் ஏறவில்லை. வாசிக்கத் தெரியாதவனுக்கு ஒரு ரகசியம்கூடச் சொந்தமில்லை.

அதனால் ஃபாதரிடம் போனேன்.

"ஃபாதர், பாவசங்கீர்த்தனத் தொட்டியில கேட்டத நீங்க யார்கிட்டயும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது. ஆயர் கேட்டாலும் முடியாது."

"அப்ப என் பேத்தி கடுதாசிய அதுக்குள்ள வெச்சு வாசிங்க."

"தொன் ஃபிதென்சியோ, அது உங்க பாவம் சொல்ற இடம். கடுதாசி வாசிக்கிற இடம் இல்ல."

"வாசிக்கத் தெரியாதது என் பாவம்னு வெச்சுக்குங்க."

தலையில் அடித்துக்கொண்டார். ஒப்புக்கொண்டார். கோயில் முகவரிக்கு எழுது. உள்ளது உள்ளபடி எழுது. எதுவாக இருந்தாலும் நீ எனக்கு நொயேமிதான்.

தாத்தா


10 ஏப்ரல் 1997

அன்புள்ள தாத்தா,

உங்கள் உடம்பு சுகமாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மீதியை எழுதிய பிறகு அதைக் கேட்க எனக்கு முகம் இருக்காது.

ஜூனில் எனக்குப் பட்டம் இல்லை. டிசம்பரில் கெமிஸ்ட்ரியில் தோற்றுவிட்டேன். நவம்பரில் சில வகுப்புகள் தவறிப்போயின. நடுவில் ஒரு பரீட்சையும் போனது. அது என் அஜாக்கிரதை. அந்தப் பாடம் இல்லாமல் அடுத்ததில் சேர்க்க மாட்டார்கள். ஜனவரியிலிருந்து நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. விடுதியையும் விட்டாயிற்று. ரொட்டிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்திருக்கிறேன். பரீட்சை என்று எழுதியது பொய். நூலக மேசையில் இப்போது யார் உட்காருகிறார்களோ தெரியாது.

வாத்தியாரைப் போய்ப் பார்த்திருக்கலாம். அவர் அறைக் கதவில், மாணவர்கள் எந்த நேரத்தில் வந்து பார்க்கலாம் என்று ஒட்டியிருக்கும். ஒரு நாள் அந்த நேரத்தில் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. டாக்டர் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அப்புறம் அவர் தனியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பார். நான் சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே போய் என்ன சொல்ல? கெட்டிக்காரர்கள் போகிற இடம் அது. பாடம் தவறியவள் போனால் கையேந்துகிற மாதிரி இருக்காதா? நம் வீட்டில் யாரும் யாரிடமும் போய் நின்றதில்லை என்று நீங்கள் எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வயல்வேலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று இங்கே ஒரு அலுவலகம் இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரோஸ்கோ அம்மா என் கதவில் சீட்டு மேல் சீட்டாக ஒட்டிப் பார்த்தார். ஒருமுறை அவரே வந்து தட்டினார். நான் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

செஃபெரினோ மாமாவிடம் பன்றியை விற்றுவிடச் சொல்லுங்கள். என்ன காரணம் சொல்வீர்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நொயேமி


20 ஏப்ரல் 1997, ஞாயிறு

நொயேமிக்கு,

சாயோவின் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிடாதே. வேண்டுமென்றேதான் லாண்டரியில் உட்கார்ந்து சொல்கிறேன். பூசை முடிந்த நேரம். எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கிறது. மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நான் சுகம். நீயும் சுகமாக இருந்தால் எனக்கு அதற்கு மேல் கேட்க வாயில்லை.

உன் கடிதத்தை ஃபாதர் தொட்டிக்குள் வாசித்தார். மெல்லத்தான் வாசித்தார். முடித்துவிட்டு, "இது அவ பாவம். இப்ப உங்க பாவத்தச் சொல்லுங்க" என்றார்.

"ஃபாதர், அதுல நவம்பர்னு ஒரு எடம் வந்துச்சே, அத இன்னொரு தடவ வாசிங்க" என்றேன்.

வாசித்தார். நவம்பரில் சில வகுப்புகள் தவறிப்போயின. அது என் அஜாக்கிரதை. அவ்வளவுதான் இருந்தது. என் இடுப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. நான் கூப்பிட்டேன் என்பது இல்லை. ஒருவருக்கும் தெரியாத பெட்டிக்குள், எனக்கு மட்டும் கேட்கிற கடிதத்தில்கூட, நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் பாவத்தைக் கேட்கப் போனவன், என் பாவத்தோடு வெளியே வந்தேன்.

இங்கே இருப்பவர்கள் கேட்கட்டும். ஆஸ்பத்திரியில் ஸ்பானிஷ் பேசுகிற அம்மாள் இருந்தாள். அதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் தெரியுமா? கழிப்பறைக்குத் தூக்கிப் போகச் சொல்லி ஒரு அந்நியப் பெண்ணின் வாயால் கேட்க எனக்கு வெட்கம். அது பாதி. மீதிப் பாதி, அந்த நர்ஸுகளுக்கும் டாக்டருக்கும் உன்னைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. ஆப்பிள் பறிக்கிற கிழவனுக்கு இப்படி ஒரு பேத்தியா என்று அவர்கள் புருவம் தூக்கும்போது எனக்கு வலியே தெரியவில்லை. அதற்காகத்தான் ஒரு வாரத்தை இழுத்து இழுத்து உன்னைப் பிடித்து வைத்தேன். யுனிவர்சிட்டியில் படிக்கிறாள் என்று காட்டிக் காட்டியே உன் படிப்பைத் தின்றுவிட்டேன்.

(உன் தாத்தா அழுகிறார். நான் எழுதுவதை நிறுத்தினேன், எழுது என்று கம்பால் தரையைத் தட்டுகிறார். எழுதுகிறேன். சாயோ.)

ஆகவே ஜூனில் விருந்து கிடையாது. கொடுத்த வாக்கை எல்லாரும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று இப்போதுதான் சொன்னேன். நான் ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு இல்லை என்றது இதுதான் முதல் தடவை. ஒருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. உலர்த்துகிற மெஷினின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாருடைய போர்வையோ கிடந்தது.

நிக்கனோர் தொண்டையைச் செருமினான். ஏதோ கேலி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் கேலியைவிடக் கொடுமையாக இருந்தது. கடைசியில் செஃபெரினோதான், "வே, ஒரு சந்தேகம். விருந்து ஜூன் மாசம்னு அந்தப் பன்னிக்குத் தெரியுமா?" என்றான்.

"என்னவே சொல்லுதீரு?" என்றேன்.

"தெரியாதுல்ல? அப்ப அது பாட்டுக்குத் தின்னுட்டுக் கெடக்கட்டும். அவ எப்ப முடிக்காளோ அப்ப அறுப்போம். யானை மாதிரி ஆனா ஊருக்கே ஆச்சு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

என்ன செய் என்று உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஒரோஸ்கோ அம்மாளிடம் போனால், அஜாக்கிரதை என்று சொல்லாதே. தாத்தாவின் இடுப்பு என்று சொல்.

ஃபிதென்சியோ


11 மே 1997

நொயேமிக்கு, சாயோ அத்தை எழுதுவது. உன் தாத்தாவுக்குத் தெரியாது.

நாங்கள் சுகம். உன் தாத்தாவும் சுகம்தான், நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை வந்து, "தபால் இருக்கா?" என்று கூடக் கேட்காமல், மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நான்தான் தானாக, "இல்ல மாமா" என்கிறேன். "நான் கேட்டனா?" என்கிறார்.

நிக்கனோர்கூட ஒருமுறை வீட்டுக்குப் போய், "வாரும்வே, உம்ம ஏசாம எனக்கு ஞாயித்துக்கெழம மாதிரியே இல்ல" என்று கூப்பிட்டுப் பார்த்தான். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு வரி எழுது.


25 மே 1997

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை இது உண்மை. சாயோ அத்தை, இதை ஞாயிற்றுக்கிழமை வாசியுங்கள். மெஷின்களை நிறுத்திவிட்டு, உரக்க. தாத்தா வரமாட்டேன் என்றால் செஃபெரினோ மாமா தூக்கிக்கொண்டாவது வரட்டும்.

உங்கள் கடிதம் வந்து அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒரோஸ்கோ அம்மாவிடம் போனேன். அவரும் சர்க்கரை பீட்ரூட் வயல்களில் வேலை பார்த்து வளர்ந்தவர். என்னைப் பார்த்ததும், "எங்கடீ போய்த் தொலஞ்ச? நான் உன் கதவுல ஒட்டின சீட்ட எல்லாம் சேத்தா ஒரு கோட்டே தைக்கலாம்!" என்றார். தாத்தாவின் இடுப்பு என்று சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, அது தாத்தா பங்கு. உன் பங்கு என்ன?" என்றார்.

அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் தூங்கிய ஒரு மத்தியானம், அந்த ஸ்பானிஷ் பேசும் அம்மாள் என்னை நடைபாதையில் பிடித்துக்கொண்டார். "நீ போய்ப் படிம்மா. இது என் வேலை. பெரியவர் ரெண்டு நாள் மொறைப்பார், அப்புறம் சரியாயிடுவார்" என்றார். தாத்தா, நான்தான் 'இல்லை, நானே இருக்கிறேன்' என்றேன். அதற்கு முன்பே கெமிஸ்ட்ரியில் நான் பின்தங்கியிருந்தேன். அக்டோபரில் அந்த டையைப் பற்றி எழுதியபோதே பாடம் எனக்குப் புரியவில்லை, அதனால்தான் டையைப் பற்றி எழுதினேன். நீங்கள் ஏணியிலிருந்து விழுந்த செய்தி வந்ததும் அழுதேன். அழுகைக்கு உள்ளே ஒரு ஓரத்தில், அப்பாடா, அந்த வகுப்புக்குப் போக வேண்டாம் என்றும் இருந்தது. உங்கள் இடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். என்னை நீங்கள் பிடித்து வைக்கவில்லை. உங்கள் பக்கத்தில் இருந்தபோதுதான் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். அந்த நர்ஸ் புருவம் தூக்கியது எனக்கும் பிடித்திருந்தது.

இத்தனை பேர் முன்னால் நீங்கள் எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். அதை நான் சும்மா வாங்கிக்கொண்டால், இன்னொரு முறை ஒளிந்ததாகிவிடும்.

ஒரோஸ்கோ அம்மா என்னைக் கெமிஸ்ட்ரிக்கு இப்போது வந்திருக்கும் புது டீச்சரின் அறை வரைக்கும் கூட்டிப்போனார். வாசலில் நின்றுகொண்டு, "நான் தட்ட மாட்டேன். தட்டறது உன் கை" என்றார். தட்டினேன். உள்ளே போனேன். அந்த டீச்சர், "எங்க சிக்கினே?" என்று கேட்டார். எல்லாத்திலும் என்றேன். "அப்ப முதல் பக்கத்திலிருந்து வா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

செப்டம்பரில் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். வெறும் சேர்க்கைதான், வேறு எந்த உறுதியும் இல்லை. தோற்றால் வெளியேதான். அடுத்த ஜூனிலும் முடியாது, அதற்கும் பிறகுதான். பன்றியிடம் சொல்லுங்கள்.

உங்கள்
நொயேமி


15 ஜூன் 1997, ஞாயிறு

என் நொயேமிக்கு, மாதாவின் நிழல் உன் மேல் இருக்கட்டும்.

நடந்துதான் வந்தேன். யாரும் தூக்கவில்லை. சாயோ உரக்க வாசித்தாள். நான் மெஷின் கண்ணாடியைப் பார்க்கவில்லை, ஆட்களைத்தான் பார்த்தேன். வெட்கம் அப்படியேதான் இருக்கிறது மகளே. உன்னுடையது உன்னிடம், என்னுடையது என்னிடம். நீ கொஞ்சம் எடுத்துக்கொண்டதால் என்னுடையது குறையவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டே இருந்தால் கழுத்து வலிக்கிறது, அதுதான் நிமிர்ந்துவிட்டேன். நிக்கனோர், "ஆக, குடும்பமே திருட்டுக் குடும்பம்" என்றான். அப்பாடா என்றிருந்தது.

வியாழக்கிழமை இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தச் செம்பட்டை நர்ஸ் வழக்கம்போல உன்னைத் தேடி எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், அந்த அம்மாளைக் கூப்பிடு என்றேன். வந்தாள். ஐம்பது வயதிருக்கும், மிச்சோவகான் பேச்சு. நம் ஊர்ப்பக்கத்துக்காரி, மகளே. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது பெரியவரே?" என்றாள். இடுப்பு என்றேன். "இடுப்பு மட்டுமா?" என்றாள். இல்லை. இரவில் நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விடுகிறது. உன்னிடம்கூட நான் சொல்லாதது. காது வரைக்கும் சூடேறிப் போனது. சொன்னேன். அவள் புருவம் தூக்கவில்லை. டாக்டரிடம் திருப்பிச் சொன்னாள். அதற்கு மாத்திரை இருக்கிறதாம். இத்தனை நாள் இருந்ததாம்.

வெளியே வரும்போது, "உங்க பேத்தி எங்க, காணோம்?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேலை இருக்கிறது என்றேன்.

புது டீச்சர் என்ன நிறத்தில் உடுத்துகிறாள் என்று நீ எழுத வேண்டாம். பாடத்தில் எது புரியவில்லை என்று எழுது. எனக்கும் புரியாது, இங்கே ஒருவருக்கும் புரியாது. சாயோ வாசிக்கட்டும், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

உன் தாத்தா
ஃபிதென்சியோ